விருப்ப நலத்திட்டங்களால் பணியாளர்கள் நிலைக்கிறார்களா? ஒரு மாதத்தில் அறிக்கை தர வேண்டும்

மனிதவள அலுவலர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஏறத்தாழ 300 பேர் பணிபுரியும் ஒரு நிறுவனத்தில் மனிதவளப் பிரிவைக் கவனித்து வருகிறேன். கடந்த மூன்று ஆண்டுகளாக எங்களிடமிருந்து விலகுபவர்களில் பெரும்பாலோர் பணியில் சேர்ந்து ஓராண்டைக் கடந்து, மூன்றாண்டுகளை எட்டாதவர்கள். வேலையைக் கற்றுக்கொண்டு எவர் துணையும் இன்றிச் செய்யத் தொடங்கும் கட்டத்தில்தான் விலகல் கடிதம் வருகிறது. அந்த இடத்துக்கு வேறொருவரைத் தேடிப் பிடித்து, பயிற்சி கொடுத்து, அவர் கை தேறும் வரை உடன் இருப்பவர்கள் அவருடைய பங்கையும் சேர்த்துச் சுமக்கிறார்கள். அந்தச் சுமை தாங்காமலே அடுத்தவரும் கிளம்பி விடுவதை நான் நேரில் பார்த்து வருகிறேன்.

இந்த ஆண்டு ஊதிய உயர்வுக்கு இடமில்லை என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. இந்த நிலையில் ஒரு காப்பீட்டு முகவர் நிறுவனம் விருப்ப நலத்திட்டத் தொகுப்பு ஒன்றைக் கொண்டு வந்திருக்கிறது. கடுநோய்க் காப்பீடு, விபத்துக் காப்பீடு, மருத்துவமனையில் தங்கும் நாள்களுக்கான தொகை, பல், கண், கூடுதல் ஆயுள் காப்பீடு, சட்ட ஆலோசனை, உடற்பயிற்சிக் கூடம், வளர்ப்பு விலங்குகளுக்கான காப்பீடு உள்ளிட்ட 14 திட்டங்கள். நிறுவனம் பணம் எதுவும் தர வேண்டியதில்லை. விரும்புகிற பணியாளர் தேர்ந்தெடுத்துக் கொள்வார். பிரீமியம் அவருடைய சம்பளத்தில் பிடிக்கப்படும். குழுவாக வாங்குவதால் தனியாக வாங்குவதைவிடக் குறைவான கட்டணம். தங்கள் வாடிக்கை நிறுவனங்களில் இத்திட்டங்களில் சேர்ந்தவர்கள் சேராதவர்களைவிட மிக நீண்ட காலம் பணியில் நீடிக்கிறார்கள் என்று ஒரு வரைபடத்தையும் காட்டினார்கள். நிர்வாகத்தினரை அந்த வரைபடம் வெகுவாகக் கவர்ந்துவிட்டது.

இது குறித்து ஒரு மாதத்துக்குள் நான் அறிக்கை தர வேண்டும். விருப்ப நலத்திட்டங்களுக்குப் பணியாளர்களை நிலைக்கச் செய்யும் ஆற்றல் உண்மையில் இருக்கிறதா? இருக்குமானால் எவ்வகைத் திட்டங்களுக்கு, எந்த நிபந்தனையில்? நடத்திப் பார்த்தவர்களும், பணியாளராக இருந்து பயன்படுத்தியவர்களும் உங்கள் அனுபவத்தைச் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற மனிதவள மேலாளர்

வணக்கம். முதலில் அந்த வரைபடத்தைப் பற்றிப் பேசிவிடலாம். ஏனென்றால் உங்கள் நிர்வாகம் அதை நம்பித்தான் முடிவெடுக்கப் போகிறது.

மாதந்தோறும் சம்பளத்தில் ஒரு தொகையைப் பிடிக்கச் சொல்லிக் கையெழுத்திடுகிறவர் எப்படிப்பட்டவர் என்று சற்று எண்ணிப் பாருங்கள். இன்னும் ஆறு மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விடலாம் என்ற எண்ணத்தில் இருப்பவர் இத்தகைய படிவத்தைப் புரட்டிக்கூடப் பார்க்க மாட்டார். குடும்பம், கடன், பிள்ளைகளின் படிப்பு என்று ஓரிடத்தில் ஊன்றிவிட்டவரே பெரும்பாலும் சேர்கிறார். ஆகவே சேர்ந்தவர்கள் நீண்ட நாள் நீடிக்கிறார்கள் என்பது உண்மையாகவே இருந்தாலும், திட்டம்தான் அவர்களை நீடிக்க வைத்தது என்று அதிலிருந்து முடிவு கட்ட இயலாது. நீடிக்கும் எண்ணம் உள்ளவர்கள் திட்டத்தில் சேர்ந்தார்கள் என்பதற்கும் அதே வரைபடம்தான் கிடைக்கும்.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டேமன் ஜோன்ஸ், டேவிட் மோலிட்டர், ஜூலியன் ரீஃப் ஆகிய மூவரும் அங்குள்ள ஏறத்தாழ 5,000 பணியாளர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் உடல்நலத் திட்டம் ஒன்றை வழங்கி ஆராய்ந்தார்கள். 2019-இல் அது வெளியானது. திட்டத்தில் பங்கேற்றவர்களையும் பங்கேற்காதவர்களையும் நேரடியாக ஒப்பிட்டபோது பங்கேற்றவர்கள் எல்லாவற்றிலும் மேலாகத் தெரிந்தார்கள்: மருத்துவச் செலவு குறைவு, வேலையை விட்டுப் போனவர்களும் குறைவு. ஆனால் குலுக்கலில் வாய்ப்புப் பெற்ற குழுவையும் பெறாத குழுவையும் முழுமையாக ஒப்பிட்டபோது அந்த வேறுபாடுகள் ஏறக்குறைய மறைந்துவிட்டன. முகவர் காட்டும் வரைபடம் முதல் வகை ஒப்பீடு. இதை உங்கள் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். அதே ஆய்வில் தங்கிய நல்ல விளைவு ஒன்றும் உண்டு: நிர்வாகம் தங்கள் உடல்நலத்துக்கு முதன்மை தருகிறது என்ற எண்ணம் வாய்ப்புப் பெற்ற குழுவினரிடம் கூடியிருந்தது. இது சிறிய விஷயமில்லை. ஆனால் உங்களுக்குச் சொல்லப்பட்டது இதுவன்று.

நலத்திட்டங்கள் மனிதரைக் கட்டிப் போடும் என்பதற்கும் சான்று இருக்கிறது. நிறுவனம் வழங்கும் மருத்துவக் காப்பீடு அமெரிக்கத் தொழிலாளர்களின் பணி மாற்றத்தை ஏறத்தாழ 25 சதவீதம் குறைத்தது என்று பிரிஜிட் மாட்ரியன் 1994-இல் கணக்கிட்டுக் காட்டினார். இன்னொரு வேலைக்குப் போக விரும்பியும், காப்பீட்டை இழந்துவிடுவோமோ என்ற அச்சத்தால் அங்கேயே இருந்தவர்கள் அவர்கள். போக முடியாமல் இருப்பவரும் இருக்க விரும்பி இருப்பவரும் வருகைப் பதிவேட்டில் ஒன்றுபோலத் தெரியலாம். வேலை நடக்கிற இடத்தில் அப்படித் தெரிய மாட்டார்கள். மேலும், நிறுவனம் ஒரு காசும் தராமல், பணியாளரே முழுப் பிரீமியத்தையும் கட்டி, விலகும்போது கையோடு கொண்டு போகவும் கூடிய ஒரு திட்டத்துக்கு அந்த அளவு பிடிப்பும் இருக்காது.

ஒருவர் ஏன் ஒரு வேலையில் தங்குகிறார் என்பதை டெரன்ஸ் மிட்செலும் உடன் ஆய்வாளர்களும் 2001-இல் மூன்று இழைகளாகப் பிரித்துச் சொன்னார்கள்: உடன் வேலை செய்பவர்களோடும் சுற்றத்தோடும் உள்ள உறவுகள், வேலையும் அவரும் ஒன்றுக்கொன்று பொருந்தும் தன்மை, விட்டுப் போனால் இழக்க நேர்பவை. விருப்ப நலத்திட்டங்கள் தொடுவது மூன்றாவது இழையை மட்டுமே. அதிலும் ஒரு சிறு பகுதியை. மேலதிகாரியோடு ஒத்துப்போகாதவரையும், மூன்றாண்டுகள் கழித்தும் இதே மேசையில்தான் இருக்கப் போகிறோம் என்று உணர்ந்துவிட்டவரையும் பல் காப்பீடு தடுத்து நிறுத்தாது.

ஊதியமே காரணமாக இருந்தாலோ அதற்கு வேறு மருந்து கிடையாது. ஹென்றி ஃபோர்டின் தொழிற்சாலையில் 1913-இல் பணி விலகல் விகிதம் 370 சதவீதமாக இருந்தது. அதாவது ஓர் இடத்தை ஆண்டு முழுவதும் நிரப்பி வைக்க மூன்று நான்கு பேரைத் திரும்பத் திரும்ப வேலைக்கு எடுத்தார்கள். 1914 ஜனவரியில் அவர் நாள் ஊதியத்தை ஏறத்தாழ இரு மடங்காக்கி, வேலை நேரத்தை 9 மணியிலிருந்து 8 மணியாகக் குறைத்தார். 1915-இல் அந்த விகிதம் 16 சதவீதமாக இறங்கியது. ஊதியமும் வேலை நேரமும் சேர்ந்து செய்த மாற்றம் அது.

எனவே முகவரிடம் பேசுவதற்கு முன், கடந்த மூன்றாண்டுகளில் விலகியவர்களில் ஒரு 20 பேரையாவது நீங்களே தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள். விலகும் நாளில் நிரப்பப்படும் படிவத்தில் எவரும் உண்மைக் காரணத்தை எழுதுவதில்லை. ஆறு மாதம் கழித்துப் பேசினால் சொல்லிவிடுவார்கள். எந்த நாளில், எந்த நிகழ்ச்சிக்குப் பிறகு வேறு வேலை தேடத் தொடங்கினார்கள் என்று குறிப்பாகக் கேளுங்கள். வீட்டில் ஒருவருக்கு நோய், விபத்து, எதிர்பாராத கடன் போன்றவை அந்தப் பதில்களில் அடிக்கடி வந்தால், விருப்ப நலத்திட்டங்களுக்கு உங்கள் நிறுவனத்தில் உண்மையான இடம் இருக்கிறது. வராவிட்டால் நீங்கள் வேறு கதவைத் தட்ட வேண்டும்.

ஒரு பணியாளர்

நான் மனிதவளத் துறையைச் சேர்ந்தவள் இல்லை. கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

முன்பு இருந்த நிறுவனத்திலும் இப்படிப் பல திட்டங்களைக் கொண்டு வந்தார்கள். அரை மணி நேரக் கூட்டம் ஒன்றில் திரையில் காட்டினார்கள். அதே வாரத்துக்குள் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். மருத்துவமனையில் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு தொகை தரும் திட்டத்தில் சேர்ந்தேன். ஐந்தாவது மாதத்தில் எனக்கு அறுவை சிகிச்சை நடந்து ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்தேன். க்ளெய்ம் படிவம் அனுப்பினேன், நிராகரித்துவிட்டார்கள். அந்த வகை அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்புக் காலம் ஓராண்டாம். அது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டுத்தான் இருந்தது; கூட்டத்தில் எவரும் அதைச் சொல்லவில்லை. மனிதவளப் பிரிவில் போய்க் கேட்டபோது, அது எனக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இடையிலான விவகாரம், நிறுவனம் சம்பளத்தில் பிடித்துக் கட்டுவதோடு சரி என்றார்கள்.

சட்டப்படி அவர்கள் சொன்னது சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் நிறுவனத்தின் கூட்டத்தில், நிறுவனத்தின் முத்திரை உள்ள மடலைப் பார்த்து, நிறுவனம் சரிபார்த்துத்தானே கொடுத்திருக்கும் என்று நம்பித்தான் கையெழுத்திட்டேன். அந்தத் திட்டம் வராமலே இருந்திருந்தால் எனக்கு நிறுவனத்தின் மீது எந்த வருத்தமும் இருந்திருக்காது. நான்கு மாதத்தில் வேறு வேலை தேடிக்கொண்டேன். விலகல் படிவத்தில் சொந்தக் காரணம் என்று எழுதிக் கொடுத்தேன்.

இப்போது இருக்கும் இடத்தில் மூன்றே திட்டங்கள். சேருவதற்கு முன் ஒருவர் எதிரில் உட்கார்ந்து எதற்கெல்லாம் பணம் வராது என்பதைத்தான் முதலில் படித்துக் காட்டினார். எனக்கு ஏற்கெனவே இருக்கும் காப்பீட்டைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, இரண்டாவது திட்டம் உங்களுக்குத் தேவைப்படாது என்று அவரே சொன்னார். என் அம்மா கீழே விழுந்து எலும்பு முறிந்தபோது படிவங்களை அவரே சரிபார்த்து அனுப்பி, பணம் வரும் வரை இரண்டு முறை பேசிக் கேட்டுச் சொன்னார். வந்த தொகை பெரிதில்லை. அதன் பிறகு வேறிடத்திலிருந்து இரண்டு முறை அழைப்பு வந்தது, நான் போகவில்லை. காப்பீட்டுக்காகத்தான் போகவில்லை என்று சொல்ல மாட்டேன். அந்த வாரத்தில் என்னைக் கவனித்த விதம் மனதில் இருக்கிறது.

காப்பீட்டுத் துறையில் இருப்பவர்

மேலே எழுதிய சகோதரியின் அனுபவம் எங்கள் துறையில் இருப்பவர்களைத் தலைகுனிய வைக்க வேண்டிய ஒன்று. அவருக்கு நேர்ந்தது மற்றவருக்கு நேராமலிருக்க, கேள்வி கேட்டவர் முகவரிடம் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

பணியாளர் தாமே பிரீமியம் கட்டும் திட்டங்களின் அடிப்படைச் சிக்கல், தேவை உறுதியாக இருப்பவர்களே அதிகம் சேருவார்கள் என்பது. நோய்வாய்ப்படும் வாய்ப்பு அதிகமுள்ளவர்கள் மட்டும் சேர்ந்தால் க்ளெய்ம்கள் பெருகும். அடுத்த ஆண்டு பிரீமியம் ஏறும். ஏறினால் நல்ல உடல்நிலையில் இருப்பவர்கள் விலகுவார்கள். மீண்டும் பிரீமியம் ஏறும். ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் விளக்கிய நிலைமைதான் இது. இதைத் தவிர்க்கத்தான் காப்பீட்டு நிறுவனங்கள் குறைந்தபட்சம் இத்தனை பேராவது சேர வேண்டும் என்றும், காத்திருப்புக் காலம் என்றும், ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு விலக்கு என்றும் நிபந்தனை வைக்கின்றன. 14 திட்டங்களை 300 பேருக்கு முன் பரப்பினால் ஒவ்வொன்றிலும் சிலரே சேருவார்கள். குழுவுக்கான கட்டணச் சலுகையே பொருளற்றதாகிவிடும்.

தேர்வுகளின் எண்ணிக்கை கூடக்கூட ஆர்வமும் குறைகிறது. ஷீனா ஐயங்காரும் உடன் ஆய்வாளர்களும் ஏறத்தாழ 8 லட்சம் அமெரிக்கப் பணியாளர்களின் ஓய்வூதியச் சேமிப்புத் திட்டங்களை ஆராய்ந்தபோது, முதலீட்டுத் தேர்வுகள் பத்துப் பத்தாகக் கூடும்போது சேருவோர் விகிதம் ஒன்றரை முதல் இரண்டு சதவீதப் புள்ளிகள் வரை குறைந்ததைக் கண்டார்கள். காப்பீட்டில் இது இன்னும் கூடுதலாகவே இருக்கும் என்பது என் அனுபவம். ஏனென்றால் ஒவ்வொரு திட்டத்தின் விலக்குகளையும் படித்துப் புரிந்துகொள்வதே ஒரு வேலை.

கேட்க வேண்டியவற்றுக்கு வருகிறேன். உடல்நலக் கேள்விகள் இல்லாமல் அனைவரையும் ஏற்பார்களா, எந்தத் தொகை வரை ஏற்பார்கள்? காத்திருப்புக் காலம் எவ்வளவு? பணியாளர் விலகினால் அதே பிரீமியத்தில் தொடரலாமா, அல்லது உயர்ந்த கட்டணத்தில் புதிய ஒப்பந்தம்தானா? கட்டப்படும் பிரீமியத்தில் க்ளெய்மாகத் திரும்பி வருவது எத்தனை சதவீதம்? நிராகரிக்கப்படும் க்ளெய்ம்கள் எத்தனை, முக்கியக் காரணங்கள் எவை? முகவருக்குக் கிடைக்கும் கமிஷன் எவ்வளவு? இவற்றில் கடைசி மூன்றுக்கும் விடை சொல்லத் தயங்கும் முகவரோடு மேற்கொண்டு பேசாதீர்கள். சில விபத்துக் காப்பீடுகளில் பணியாளர் கட்டும் பிரீமியத்தின் பெரும்பங்கு நிர்வாகச் செலவுக்கும் கமிஷனுக்குமே போய்விடும். அத்தகைய திட்டத்தைக் குழு விலையில் வாங்கினாலும் அது நல்ல திட்டமாகிவிடாது.

ஏற்கெனவே நிறுவனமோ அரசோ வழங்கும் பாதுகாப்போடு எது ஒன்றின்மேல் ஒன்றாக அமைகிறது என்பதையும் பாருங்கள். மருத்துவச் செலவை ஈடு செய்யும் காப்பீடு இருக்கும் இடத்தில், அதே செலவுக்கு இன்னொன்றை வாங்க வைப்பது வீண். ஆனால் கடுநோய்க் காப்பீடு வேறு வகை: நோய் உறுதியானதும் ஒரே தொகையாகப் பணம் தரும், மருத்துவமனைக் கட்டணத்துக்கு மட்டுமல்லாமல், வேலைக்கு வர முடியாத மாதங்களின் வீட்டுச் செலவுக்கும் அதைப் பயன்படுத்தலாம். பொதுவாகத் திட்டங்கள் விட்டுவைக்கும் இடைவெளி அதுதான்.

தொழிலாளர் பிரதிநிதி

இதுவரை எழுதப்பட்டவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆனால் அடிப்படையான ஒன்றை எவரும் சொல்லவில்லை. ஊதிய உயர்வு இல்லை என்று அறிவித்த அதே ஆண்டில், பணியாளரின் சொந்தப் பணத்தில் நடக்கும் ஒரு திட்டத்தை நிறுவனத்தின் நலத்திட்டம் என்று அறிவிப்பது எப்படி எடுத்துக்கொள்ளப்படும்? கைக்கு வரும் சம்பளம் குறையும். இதுவரை நிறுவனம் ஏற்ற செலவு ஒன்றை அடுத்த ஆண்டு விருப்பத் திட்டமாக மாற்றிவிடுவார்கள் என்ற ஐயமும் எழும். பல இடங்களில் அப்படி நடந்தும் இருக்கிறது.

விருப்பம் என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். குறைந்தபட்ச எண்ணிக்கையை எட்டுவதற்காகத் துறைத் தலைவர்களிடம் இலக்குக் கொடுத்து, அவர்கள் தம் கீழ் இருப்பவர்களைக் கையெழுத்திடச் சொன்ன இடங்களை நான் பார்த்திருக்கிறேன். அமெரிக்கத் தொழிலாளர் துறை 1975-இல் வகுத்த விதி ஒன்று இந்த எல்லையை நன்றாகக் காட்டுகிறது. நிறுவனத்தின் பங்களிப்பு இருக்கக் கூடாது; சேர்க்கை முழுக்க விருப்பப்படி இருக்க வேண்டும்; நிறுவனம் திட்டத்தைப் பரிந்துரைக்காமல், அறிவிக்க இடம் தந்து சம்பளத்தில் பிடித்துக் கட்டுவதோடு நிற்க வேண்டும்; நியாயமான நிர்வாகச் செலவைத் தவிர நிறுவனம் எந்த ஆதாயமும் பெறக் கூடாது. இந்நான்கும் பொருந்தினால்தான் அது நிறுவனத்தின் நலத்திட்டம் என்ற சட்டப் பொறுப்பிலிருந்து விலக்குப் பெறும். இதில் ஒரு முரண் ஒளிந்திருக்கிறது. பொறுப்பிலிருந்து விலகி நிற்க நிற்க, அந்தத் திட்டம் உங்களுடையது என்று பணியாளர் உணர்வதும் குறையும். மேலே சகோதரி கேட்ட பதில் இந்த நிலைப்பாட்டிலிருந்து வந்ததே. பொறுப்பும் வேண்டாம், நன்றியுணர்வும் வேண்டும் என்றால் நடக்காது.

நிர்வாகத்தை ஒரு சிறு பங்காவது ஏற்கச் செய்யுங்கள். திட்டங்களில் ஏதேனும் ஒன்றுக்கு, குறைந்த ஊதியத்தில் இருப்பவர்களின் பிரீமியத்தில் பாதியை நிறுவனம் ஏற்றாலும் போதும். அதன் பொருள் முற்றிலும் மாறிவிடும். உங்கள் நாட்டுச் சட்டத்தில் அதனால் என்ன பொறுப்பு வரும் என்பதை வழக்கறிஞரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மனிதவள அலுவலர்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு வாரமாக விலகியவர்களை அழைத்துப் பேசி வந்தேன். 23 பேர் பேசினார்கள். அவர்களில் 11 பேர் சொன்னது கற்றுக்கொள்ள இனி ஒன்றுமில்லை, அடுத்த நிலை எது என்று எவரும் சொல்லவில்லை என்பது. ஆறு பேர் குடும்பத்தில் திடீரென்று வந்த செலவால் கூடுதல் சம்பளம் தேடிப் போனவர்கள். அவர்களில் இருவர் நிறுவனத்திடம் முன்பணம் கேட்டுக் கிடைக்காதவர்கள். மற்றவர்கள் தூரம், திருமணம், ஒரு குறிப்பிட்ட மேற்பார்வையாளர் என்று பல காரணங்கள் சொன்னார்கள். பல், கண், வளர்ப்பு விலங்கு என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

இதிலிருந்து எனக்குத் தோன்றுவது, படிப்புக்கான உதவியும் அவசரச் சேமிப்பும்தான் எங்களுக்கு வேண்டியவை. இரண்டையும் விருப்பத் திட்டங்களாகவே அமைக்கலாம். ஆனால் படிக்க வைத்தால் படித்துவிட்டுப் போய்விடுவார்கள் என்று நிர்வாகம் அஞ்சுகிறது. படிப்புக்குப் பிறகு மூன்றாண்டுகள் இருந்தாக வேண்டும், இல்லையேல் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தம் போடச் சொல்கிறார்கள். இது சரியா?

ஓய்வுபெற்ற மனிதவள மேலாளர்

23 பேரிடம் பேசியது நல்ல வேலை. உங்கள் அறிக்கைக்கு அந்த ஒரு பட்டியலே போதுமான வலிமை தரும்.

நிர்வாகத்தின் அச்சம் புதிதில்லை. எந்த நிறுவனத்திலும் பயன்படும் பொதுத்திறனுக்கான பயிற்சிச் செலவை முதலாளி ஏற்க மாட்டார், அதைக் கற்றவர் வேறிடத்தில் கூடுதல் ஊதியம் பெறுவார் என்று கேரி பெக்கர் 1964-இல் எழுதினார். ஆனாலும் நிறுவனங்கள் படிக்க வைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. அதற்குக் காரணமும் இருக்கிறது. ஜார்ஜ் பென்சன், டேவிட் ஃபைன்கோல்ட், சூசன் மோர்மன் மூவரும் 2004-இல் ஒரு பெரிய நிறுவனத்தின் கல்விக் கட்டண உதவியை ஆராய்ந்தார்கள். படித்துக்கொண்டிருக்கும் காலத்தில் பணியாளர்கள் விலகுவது குறைந்தது. முதுநிலைப் பட்டம் வாங்கிய பின் விலகுவது கூடியது. ஆனால் பட்டம் பெற்றவருக்குப் பதவி உயர்வு கிடைத்த இடங்களில் அந்த விலகல் குறைந்தது. உங்கள் நிர்வாகத்தின் கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரிந்து இல்லை. படிப்பு முடியும் நாளில் அவருக்கு என்ன வேலை காத்திருக்கிறது என்பதைப் படிப்பு தொடங்கும் நாளிலேயே பேசி வையுங்கள். உங்களிடம் 11 பேர் சொன்னதும் இதையேதான்.

மூன்றாண்டு ஒப்பந்தத்தை நான் ஆதரிக்க மாட்டேன். முதலில், அதன் செல்லுபடி நாட்டுக்கு நாடு மாறும். அதைவிட முக்கியம், அப்படிப் பிணைக்கப்பட்டவர் நான் முன்பு சொன்ன, போக முடியாமல் இருப்பவராக மாறிவிடுவார். மூன்றாண்டு முடிகிற மறுநாளே கிளம்புவார். ஓராண்டுக்கு மேற்படாமல், மாதத்துக்கு மாதம் குறைந்து வரும் தொகையாக வைப்பது நியாயமாக இருக்கும். படிப்புக்கான உதவி மாதச் சம்பளத்தோடு சிறிது சிறிதாகக் கொடுக்கப்பட்டால் அந்த ஒப்பந்தத்துக்கும் தேவை குறையும்.

அவசரச் சேமிப்பில் படிவம் எப்படி எழுதப்படுகிறது என்பதே பாதி வெற்றி. ஒரு நிறுவனத்தில் புதிதாகச் சேர்பவர்களை ஓய்வூதியச் சேமிப்பில் தானாகவே இணைத்து, வேண்டாதவர் விலகிக்கொள்ளலாம் என்று மாற்றியபோது, பாதிக்கும் கீழே இருந்த சேர்க்கை 86 சதவீதத்தை எட்டியதை மாட்ரியனும் டென்னிஸ் ஷேயும் 2001-இல் காட்டினார்கள். ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் வேறொரு வழி கண்டார்கள்: இன்றைய சம்பளத்தைத் தொடாமல், அடுத்த ஊதிய உயர்வு வரும்போது அதில் ஒரு பகுதியைச் சேமிப்புக்கு ஒதுக்க இப்போதே ஒப்புக்கொள்ளச் சொன்னார்கள். கேட்கப்பட்டவர்களில் 78 சதவீதத்தினர் ஒப்புக்கொண்டனர்; அவர்களுடைய சேமிப்பு 40 மாதங்களில் சம்பளத்தில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமாக உயர்ந்தது. பிரதிநிதி சொன்ன கவலைக்கும் இதில் விடை இருக்கிறது, கைக்கு வரும் பணம் எந்த மாதத்திலும் முன்பைவிடக் குறையாது. ஆனால் ஊதிய உயர்வே இல்லாத ஆண்டில் இது தொடங்காது. அடுத்த உயர்வு எப்போது என்பதை நிர்வாகம் சொல்ல வேண்டியிருக்கும்.

தொழிலாளர் பிரதிநிதி

தானாக இணைப்பதைப் பற்றி ஒரு சொல். சேமிப்புக்கு அது பொருந்தும். பணம் பணியாளருடையதாகவே இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். காப்பீட்டுக்கு அதே முறையைக் கொண்டு வராதீர்கள். கேட்காமல் பிடிக்கப்பட்ட பிரீமியம் திரும்பி வராது.

மனிதவள அலுவலர்

அந்த வேறுபாட்டை அறிக்கையில் அப்படியே சேர்த்துக்கொள்கிறேன், ஐயா. முகவரிடம் எழுத்தில் கேட்டவற்றில் காத்திருப்புக் காலத்துக்கும் தொடர்ச்சிக்கும் விடை வந்துவிட்டது. நிராகரிக்கப்பட்ட க்ளெய்ம்களின் எண்ணிக்கையும் கமிஷனும் வரவில்லை. வேறு இருவரிடம் கேட்டிருக்கிறேன். அறிக்கையில் நான் பரிந்துரைக்கப் போவது மூன்றுதான்: கல்வி உதவி, சம்பளப் பிடித்தம் வழியான அவசரச் சேமிப்பு, கடுநோய்க் காப்பீடு. காப்பீட்டில் கீழ்நிலை ஊதியப் பிரிவினருக்குப் பாதிப் பிரீமியத்தை நிறுவனம் ஏற்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். முதல் ஆறு மாதம் இரண்டு துறைகளில் மட்டும் தொடங்கி, மற்றத் துறைகளோடு துறை முழுவதையும் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். சேர்ந்தவரையும் சேராதவரையும் ஒப்பிடுவதாக இல்லை.

ஒரு சிறு ஐயம் மட்டும் மிச்சம். ஒருவர் விலகும்போது அவருடைய காப்பீட்டை என்ன செய்வது என்று எங்கள் வரைவில் ஒன்றும் இல்லை.

காப்பீட்டுத் துறையில் இருப்பவர்

அதை இப்போதே எழுதிவிடுங்கள். பின்னால் எவரும் எழுத மாட்டார்கள். தனியாகத் தொடர்வதற்குப் பெரும்பாலான ஒப்பந்தங்கள் குறுகிய கால அவகாசமே தருகின்றன. 30 நாள் என்பது வழக்கமான ஒன்று. விலகுபவர் கணக்கு முடித்துப் போகும் அலைச்சலில் அந்தக் கெடுவைத் தவறவிடுகிறார். பிறகு புதிதாக வாங்கப் போனால் வயதும் உடல்நிலையும் பார்த்துக் கூடுதல் கட்டணம் கேட்பார்கள், அல்லது மறுத்துவிடுவார்கள். ஆகவே கடைசி நாளன்று கொடுக்கும் காகிதங்களோடு ஒரு பக்கம் சேர்த்துக் கொடுங்கள்: எந்தத் திட்டத்தைத் தொடரலாம், எந்தத் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும், அதன்பின் மாதப் பிரீமியம் எவ்வளவு, யாரை அழைக்க வேண்டும். அந்தத் தேதியைக் கையால் எழுதி, அவரோடு சேர்ந்து ஒரு முறை படித்துவிட்டுக் கொடுங்கள்.